கினுயேவுக்கு வைத்த சோறு

எங்கள் விடுதியில் வேலைக்குச் சேர்கிறவளிடம் எந்த ஊர், யார் பெண்டாட்டி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேர் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சோறு, உடுத்தக் கிமோனோ எல்லாவற்றையும் முதலாளியம்மாவே கொடுத்துவிடுவதால், வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்களுக்கு இந்த வெந்நீர் ஊற்று ஊர்களை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. விருந்தாளிகளின் அறைக்குச் சாப்பாட்டுப் பலகைகளைச் சுமந்துபோய், மண்டியிட்டுப் பரிமாறி, சிரித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் ஓடிவந்தவள் இல்லை. இதே ஊரில் பிறந்து, பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இங்கே சேர்ந்தவள். ஒளிக்க எதுவும் இல்லாததால்தான் என் வாய் இத்தனை நீளம் என்று கினுயே அக்கா சொல்வாள்.

கினுயே அக்கா வந்து சேர்ந்தது ஒரு பனிக்காலத்தில். பெட்டி கிடையாது, மாற்றுத் துணி கிடையாது. கையில் டோஃபு என்கிற சோயாக் கட்டி வாங்குகிற அலுமினியக் கிண்ணம் மட்டும் இருந்தது. முதலாளியம்மா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், “போய்க் குளிச்சுட்டு வா” என்றார். அன்றிலிருந்து எங்கள் அறையில் என் பக்கத்துப் படுக்கை அவளுடையது.

வருஷக்கணக்காக வாயே திறக்காதவள், ஒருநாள் படுக்கைகளை மடித்துக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னாள். நாகரா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அவளுடைய புருஷன் வீட்டாருக்கு விலாங்கு மீன் சாப்பாட்டுக் கடை. புருஷன் தமோட்சு மீன் வாட்டுவான், மாமியார் கல்லாவில், இவள் பரிமாறுவாள். ஒரு பெண் குழந்தை. அடுத்துப் பிறந்த ஆண் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. ஒரு காலையில் டோஃபு வாங்கப் போனவள், டோஃபு கடையைத் தாண்டி நடந்திருக்கிறாள். ரயில் நிலையம் வந்திருக்கிறது. ஏறிவிட்டாள். மகள் ஷினோபுக்கு அப்போது எட்டு வயது.

“அடிச்சானா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“வேற எவனாவது?”

“ஒருத்தனும் இல்ல தோமே. அடிச்சிருந்தா சொல்லிக்க ஒரு காரணமாவது இருந்திருக்கும். அந்தப் பச்சப் புள்ள போனதுக்கப்புறம் யார் பேசினாலும் எனக்குக் காதுல விழல. நடந்தேன். ரயில் கிளம்பினப்புறம்தான் கையில கிண்ணம் இருக்கறதே தெரிஞ்சுது.”

“அடுத்த ரயில்ல திரும்பிப் போறதுக்கு என்ன கேடு?”

“முதல் நாள் போயிருக்கலாம். ரெண்டாம் நாள் வெக்கமாப் போச்சு. அப்புறம் பயம். இப்ப யாருக்கும் என் நெனப்புகூட இருக்காது. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையை எட்டு வயசில் விட்டுவிட்டு வந்தவளை என்ன சொல்லித் திட்டுவது? திட்டத்தான் செய்தேன். அவள் படுக்கையை மடித்து முடித்து, உறையை இழுத்துச் சரிசெய்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளை நான் திட்டவில்லை. யாரும் தன்னை எதிர்பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் அவள் அத்தனை வருஷமும் சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து வேலை செய்தாள்.

அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். குவாபரா என்று பெயர். நிகாத்தாப் பக்கத்தில் டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியாக வந்தார். தொலைபேசியில் முன்பதிவு செய்தபோதே இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். மனைவி வரமாட்டாள், ஆனால் அவளுக்கும் எதிரே ஒரு பலகை வைக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு பதார்த்தத்தையும் வெவ்வேறு பெண் கொண்டுவர வேண்டும்.

“பெரிய மகாராஜா! ஆளுக்கு ஒரு கிண்ணமா எடுத்துட்டு ஊர்வலம் போகணுமாம்,” என்று நான் அடுப்படியில் நின்று கத்தினேன்.

“பாவம்டி, பொண்டாட்டி செத்தவரு போல. கத்தாதே,” என்றாள் கினுயே அக்கா.

எதிர்ப் பலகையை அவளேதான் அடுக்கினாள். எங்கள் ஊர்ப்பக்கம் செத்தவருக்கும் சோறு வைப்போம், வெளியூர் போய்ப் பட்டினி கிடக்கக் கூடாதென்று உயிரோடிருப்பவருக்கும் வீட்டில் வைப்போம். வைக்கும் விதம்தான் வேறு. செத்தவருக்கென்றால் சோற்றைக் குவித்து, அதன் நடுவில் உணவுக் குச்சிகளை நட்டுவைக்க வேண்டும். உயிரோடிருப்பவர் சோற்றில் அப்படி நட்டால் சின்னப் பிள்ளைக்கும் முதுகில் விழும். கினுயே அக்கா சோற்றைக் குவித்தாள், குச்சிகளை நேராக நட்டாள். வேகவைத்த கீரையைப் பக்கத்தில் அழகாக வைத்தாள். மனசார, அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகத்தான் செய்தாள்.

நான் சாக்கே மதுக் குடுவையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் மண்டியிட்டுத் தள்ளுகதவைத் திறந்து பலகையை வைத்ததும், மனிதர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு கையை நீட்டி, குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். துணியில் துடைத்தார். அகப்பையை வாங்கிக் குவித்த சோற்றைத் தட்டி, சாதாரணமாக வீட்டில் சாப்பிடுகிற மாதிரி ஆக்கினார்.

“அவ சாகல அம்மா,” என்றார். “வீட்டை விட்டுப் போயிட்டா. இன்னும் வரல, அவ்ளோதான்.”

கினுயே அக்கா நெற்றி பாயில் பட விழுந்தாள். “பெரிய தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க,” என்றவள் எழவே இல்லை.

“எந்திரிங்க, எந்திரிங்க. நான்தான் போன்ல சரியாச் சொல்லல.” அவர் எதிர்ப் பலகையிலிருந்த சூப் கிண்ணத்தின் மூடியைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. “பாருங்க, வேர்த்திருக்கு. மூடி வேர்த்தா, போன ஆளு நல்லாருக்காங்கன்னு எங்கம்மா சொல்லும்.”

என் வாய் சும்மா இருக்குமா? “சூடா ஊத்தினா எந்த மூடியும் வேர்க்கத்தானே ஐயா செய்யும்?” என்றேன்.

“அதுக்குத்தானே கொதிக்கக் கொதிக்க வேணும்னு கேட்டேன்,” என்று அவர் சிரித்தார். அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஏன் வேறு ஆள் கேட்டார் என்று சொன்னார். ஓடிப்போன பெண்கள் கடைசியில் இந்த மாதிரி விடுதிகளில்தான் தங்குவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். ஒவ்வொரு வருஷமும் ஓர் ஊருக்குப் போய், ஒரு வேளை சாப்பிட்டு, பரிமாறுகிற முகங்களைப் பார்த்துவிட்டு வருவாராம். விசாரித்தால் ஒளிந்துகொள்வாள் என்று விசாரிப்பதில்லை.

கினுயே அக்கா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். “அவங்க கிடைச்சா என்னய்யா கேப்பீங்க?”

“என்னத்தக் கேக்கறது? சாப்பிட்டியான்னு கேப்பேன்.”

வெளியே வந்து கதவைச் சாத்தியவள் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. வாய்க்குள்ளேயே, “சாப்பிட்டியான்னு கேப்பாராம். சாப்பிட்டியான்னு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த மனிதர் பேருந்து ஏறிப் போய்விட்டார். அவர் தேடி வந்த முகம் எங்களில் யாரிடமும் இல்லை.

அன்றிலிருந்து அக்கா பழைய அக்கா இல்லை. பரிமாறும்போது தடுமாறினாள். சூப் மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். “தமோட்சு அந்த மாதிரி வைக்கற ஆளா? அவருக்குச் சோறு எடுத்துப் போட்டுச் சாப்பிடவே தெரியாது,” என்பாள். மறுநாள், “வச்சாலும் வைப்பாரு தோமே, சொல்ல முடியாது,” என்பாள். தனக்கும் எங்கோ ஒரு சோறு காத்திருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. டாக்ஸிக்காரர் நல்ல மனிதர்தான், ஆனாலும் அவரை நான் மனசுக்குள் சபித்தேன்.

இலையுதிர்காலத்தில் ஹிகான் வாரம் வந்தது. எல்லாரும் கல்லறைக்குப் போய் முன்னோருக்குப் படைக்கிற வாரம். விடுதியில் கூட்டம் குறைவு. கினுயே அக்கா முதலாளியம்மாவிடம் லீவு கேட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை.

“என்னையும் கூட்டிட்டுப் போ,” என்றேன். “தனியாப் போனா நீ வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிடுவே.”

ரயில் மாறி அந்த ஆற்றங்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம். சந்துக்குள்ளே நுழையும்போதே விலாங்கு வாட்டுகிற புகை மூக்கில் ஏறியது. கடை அதே இடத்தில் இருந்தது. தொங்கவிட்டிருந்த நீலத் துணியை ஒதுக்கிக்கொண்டு நான் முன்னால் நுழைந்தேன். இல்லாவிட்டால் அவள் நுழைந்திருக்கமாட்டாள்.

“வாங்க வாங்க!” என்று ஓர் இளம்பெண் ஓடி வந்தாள். உருண்டை முகம், மடித்துக் கட்டிய சட்டைக் கை. அக்காவின் அதே அகலமான நெற்றி. கேட்கவே வேண்டாம். மகள் அவளை நேருக்கு நேர் பார்த்தாள், சிரித்தாள், பாய் அறைக்கு வழி காட்டினாள். அக்காவின் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. முன்பற்கள் போய்க் கட்டுப்பல். எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்?

உட்கார்ந்தோம். விலாங்கைச் சொன்ன பிறகுதான் பிளந்து வாட்டுவார்கள் என்பதால் காத்திருக்க வேண்டும். அடுப்புப் பக்கம் ஓர் ஆண் விசிறிக்கொண்டிருந்த முதுகு தெரிந்தது. அக்கா அதையே பார்த்தாள். அந்த ஆள் திரும்பினான். இருபத்தைந்து வயசுப் பையன், மருமகன் போலிருக்கிறது. அக்காவின் தோள் இறங்கியது.

தேநீர் வந்தது. குடித்து முடித்த கோப்பைகளை அக்கா தன்னையறியாமல் அடுக்க ஆரம்பித்தாள். மேஜைமேல் சொட்டியிருந்த தண்ணீரை கைக்குட்டையால் துடைத்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். “நீ இன்னிக்கு விருந்தாளி. பேசாம உக்காரு,” என்றேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

சோற்றின்மேல் வாட்டிய மீனை வைத்த பெட்டிகளைக் கொண்டுவந்த மகள், கூடவே சின்னத் தட்டில் ஆளுக்கொன்றாக ஒஹாகி உருண்டையும் வைத்தாள். ஒட்டரிசிச் சோற்றைப் பிடித்து இனிப்புப் பயறு பூசிய உருண்டை.

“இது எங்க வீட்டுப் படையல். ஹிகான் வாரம் முழுக்க வர்றவங்களுக்கெல்லாம் குடுப்போம். எடுத்துக்கங்க,” என்றாள்.

நான்தான் கேட்டேன். “யாருக்கும்மா படைச்சது?”

“எங்க அப்பா, அம்மாவுக்கு.”

“ரெண்டு பேருமா? ஐயோ பாவம், இந்தச் சின்ன வயசுலயா?”

வேறு விருந்தாளி யாரும் இல்லை. பெண் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். “பாட்டி முதல்ல போனாங்க. அப்பா போனது போன வருஷம் வசந்தத்துல. அம்மா எப்பப் போனாங்கன்னு தெரியாது. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப ஒருநாள் காலைல கடைக்குப் போனவங்க, வரல. அந்தத் தேதியையே நினைவு நாளா வச்சுக்கிட்டோம்.”

அக்காவின் கை மேஜைக்கு அடியில் என் தொடையைப் பிடித்தது.

“தேடலையா?”

“அப்பா தேடாத இடமில்ல. அப்புறம் தேடறத விட்டுட்டு, சாயங்காலம் அவங்களுக்கு ஒரு பெட்டி வைக்க ஆரம்பிச்சாரு. கடையில எவ்ளோ கூட்டம் இருந்தாலும் முதல் பெட்டி அம்மாவுக்குத்தான். விருந்தாளிங்க சத்தம் போடுவாங்க, நாங்க முதல்ல வந்தோமே, இது யாருக்குன்னு. என் பொண்டாட்டிக்குன்னுவாரு. சாகற வரைக்கும் வச்சாரு.”

சாகிற வரைக்கும். எங்கள் விடுதியில் இவள் மற்றவர்களுக்குப் பலகை சுமந்த அத்தனை சாயங்காலமும் இங்கே இவளுக்கொரு பெட்டி வாட்டிய மீனோடு சூடாகக் காத்திருந்திருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தாலும் போதுமே! கடவுளே, இரண்டே வருஷம். எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

“கடைசில ஆஸ்பத்திரில கெடந்தப்ப சொன்னாரு,” என்று பெண் தொடர்ந்தாள். “‘இனிமே உங்கம்மாவுக்கு யாரு வைப்பா? செத்தவங்க பேரு எழுதற பலகையில என் பேரு பக்கத்துல அவ பேரையும் எழுதிடு. ரெண்டு பேருக்கும் ஒரே படையலாப் போயிடும், பட்டினி கெடக்கமாட்டா’ன்னு. நான் முடியாதுன்னு சண்ட போட்டேன். எனக்கு அம்மா மேல அவ்ளோ கோவம்.”

“கோவம் இருக்கத்தானே செய்யும்.”

“தினம் எந்திரிச்ச உடனே கோவம் வரும். எங்கயோ இருக்காங்க, சாப்பிடறாங்க, சிரிக்கறாங்க, என்னப் பார்க்க வரல, அதானே? பள்ளிக்கூடத்துல, கல்யாணத்துல, எல்லா இடத்துலயும் அந்தக் கோவம்தான் கூட வரும். அப்பா சொன்னாரேன்னு எழுதினேன். எழுதினப்புறம் விட்டுப் போச்சு. செத்தவங்க மேல எவ்ளோ நாள் கோவப்படறது? இப்பதான் ஊதுபத்தி வைக்கறப்ப அம்மான்னு கூப்பிட வருது.”

என்னால் அடக்க முடியவில்லை. “ஒருவேளை அவங்க உயிரோட இருந்து, திரும்பி வந்தா?”

தொடையில் நகம் இறங்கியது. பெண் தட்டின் விளிம்பைத் தடவினாள்.

“வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கறேன். சொல்லவே பாவமா இருக்கு. வந்தா எனக்குத் திரும்ப எட்டு வயசாயிடும்மா. இன்னொரு தடவ என்னால அத முடியாது.” உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயையோ, சாப்பிட வந்தவங்ககிட்ட போய் என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. ஆறிடும், சாப்பிடுங்க.”

அவள் எழுந்து போனதும் நான் அக்கா பக்கம் திரும்பினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து, மீனைத் துண்டு போட்டு, சோற்றோடு வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். என் பெட்டியை நான் பாதிகூட முடிக்கவில்லை. பிறகு அந்த ஒஹாகி உருண்டையை எடுத்தாள்.

“அத வச்சிடுக்கா,” என்றேன். “உனக்குப் படைச்சத நீயே தின்னாதே. நல்லதில்ல.”

“என் புள்ள கையால புடிச்சது,” என்றாள். மூன்று வாயில் அதையும் சாப்பிட்டு முடித்தாள்.

பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அக்கா முதல்முறையாக மகளிடம் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது, எங்கள் விடுதியில் விருந்தாளியிடம் பேசும் அதே குரல். “நாங்களும் ஒரு ஊதுபத்தி வைக்கலாமா?”

“அடடா, தாராளமா. அப்பா ரொம்பச் சந்தோஷப்படுவாரு.”

உள்ளறையில் பூஜை மாடம். தமோட்சுவின் படம் இருந்தது, வாட்டசாட்டமான ஆள், கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற முகம். பக்கத்தில் கல்யாணப் படம் ஒன்று, மணப்பெண் வெள்ளை முக்காட்டுக்குள் தலையைக் குனிந்திருந்ததால் மோவாய் மட்டும்தான் தெரிந்தது. நடுவில் கறுப்புப் பலகை, பொன்னெழுத்தில் இரண்டு பெயர்கள். அக்கா தன் பெயரைப் பார்க்கவில்லை. புருஷன் படத்தைப் பார்த்தாள். ஊதுபத்தியை ஏற்றி, கைகூப்பி, தலையைக் குனிந்தவள் நிமிர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை, நானும் பிறகு விசாரிக்கவில்லை.

வாசலில் செருப்புகளை மாட்டிக்கொள்ள வசதியாக வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள் மகள். “தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. பார்த்துப் போங்க. மறுபடி வாங்க,” என்று இடுப்பு வளையக் கும்பிட்டாள்.

“சாப்பாடு ரொம்ப நல்லாருந்துச்சு,” என்றாள் அக்கா.

நடந்தோம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும். விருந்தாளி திரும்பிப் பார்த்தால் மறுபடி குனிய வேண்டும். அவர் முனை திரும்பாதவரை உள்ளே போகக் கூடாது. பனி கொட்டினாலும் நானும் அக்காவும் அப்படி நின்றிருக்கிறோம், சனியன்கள் எப்போது போய்த் தொலையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு.

சந்து நீளமானது. முனை வந்ததும் அக்கா நின்று திரும்பினாள். மகள் கடை வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அக்கா திரும்பியதைப் பார்த்ததும் குனிந்தாள். அக்காவும் குனிந்தாள். இருவரும் நிமிர்ந்தார்கள். அக்கா நகரவில்லை. அந்தப் பெண் மறுபடி குனிந்தாள். தூறல் ஆரம்பித்தது.

“இப்பவாவது சொல்லிடுக்கா,” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். “போய்க் கட்டிப் பிடிச்சுக்கோ. திட்டட்டும், அடிக்கட்டும், பெத்த புள்ளதானே! இந்த முனையத் திரும்பிட்டா அவ்ளோதான், உனக்கு இனிமே யாருமே இல்ல.”

அக்கா மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூறல் வலுத்தது. அங்கே அந்தப் பெண் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூச்சப்பட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றாள்.

“நாம நிக்கற வரைக்கும் அவளால உள்ள போக முடியாது,” என்றாள் அக்கா. “புள்ள நனையுது தோமே. வா.”

முனையைத் திரும்பிவிட்டாள்.